மலையிறங்கிப் படிக்க வயது தடையா?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிக்கு அவை காட்சி. சேர்வராயன் மலைச் சிற்றூரிலிருந்து பட்டப்படிப்புக்காக இறங்குபவருக்கோ நாள்தோறும் செலவாகும் நேரம். பதினெட்டு வயதிலேயே எளிதல்லாத இப்பயணத்தை, முப்பத்தைந்து வயதில் குடும்பத்தையும் தோட்ட வேலையையும் சுமந்துகொண்டு ஒருவர் மேற்கொள்வது எப்படி?

வயது கடந்த மாணவரைப் பற்றிய பேச்சு, அண்டை மாவட்டமான தருமபுரியில் 2022-ஆம் ஆண்டு சூடு பிடித்தது. 61 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நீட் தேர்வில் தேர்ச்சி பெற்று, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் கலந்தாய்வுக்கு வந்தார். பின்னர், இளைஞர் ஒருவருக்குப் பயன்படட்டும் என்று இடத்தை விட்டுக்கொடுத்தார். அதே ஆண்டு மார்ச்சில், பொதுப் பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்றிருந்த நீட் உச்ச வயது வரம்பைத் தேசிய மருத்துவ ஆணையம் நீக்கியது.

அவரது முடிவைப் பாராட்டியவர்களில் நானும் உண்டு. ஆனால், மிகக் குறைவான மருத்துவ இடங்களுக்குப் பொருந்தும் நியாயத்தைக் கல்வி முழுமைக்கும் நீட்டுவது பிழை. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழோ வரலாறோ படிக்கச் சேரும் நாற்பது வயதுப் பெண் யாருடைய இடத்தையும் பறிப்பதில்லை. 'இந்த வயதில் எதற்கு?' என்ற கேள்வி அவரிடம் மட்டும் ஏன் கேட்கப்படுகிறது?

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கள் பலர் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் பெற்ற காலம் ஒன்று உண்டு. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியின்றிப் பெறும் அத்தகைய பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என 2009-இல் தமிழக அரசு ஆணையிட்டது. ஆகவே, வேலையை மனத்தில் வைத்துப் படிப்போர் ஏணியின் கீழ்ப்படியிலிருந்துதான் ஏற வேண்டும். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். தேறிய பாடங்களை மீண்டும் எழுத வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால், நேரடியாக எழுதுவோர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து, வகுப்புக்கும் செல்ல வேண்டும். இந்த அறிவிப்பு தோட்டக் குடியிருப்பு வரை வந்து சேர்கிறதா என்பதில்தான் பலரது ஓராண்டு அடங்கியிருக்கிறது.

காலமும் மலைக்கு ஒத்துவருவதில்லை. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஆண்டிறுதியில் சூடு பிடிக்கிறது. கல்லூரிப் பருவத் தேர்வுகளும் அப்போதே வருகின்றன. கூலி அதிகம் கிடைக்கும் வாரங்களில் தேர்வறையில் உட்காருவது, அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்துக்கு எளிய முடிவன்று.

இங்கே ஒரு முரண். 1917-இல் தொடங்கப்பட்ட மாண்ட்ஃபோர்ட் பள்ளி போன்றவற்றால் விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் ஏற்காடு. சமவெளியின் பிள்ளைகள் படிக்க மலையேறி வருகிறார்கள். மலையின் சொந்த மக்களான மலையாளிப் பழங்குடியினரோ, விட்ட படிப்பைத் தொடர மலையிறங்க வேண்டியிருக்கிறது.

வகுப்பறைக்குள் நுழைந்தபின் நிலைமை நாம் அஞ்சுமளவு மோசமில்லை. முதல் வாரம் ஆசிரியரென நினைத்து எழுந்து நிற்கும் மாணவர்கள், அடுத்த வாரமே 'அக்கா' என்றழைத்துக் குறிப்பேட்டைக் கடன் கேட்பார்கள். மனப்பாடத்தில் இளையோர் முந்துவர். கூலிக் கணக்கும் கூட்டுறவுக் கடனும் பாடமாக வரும்போது, அவற்றை வாழ்ந்து பார்த்தவர் விளக்கம் சொல்வார். விடுப்பெடுக்க முடியாத வேலையும் கட்டாய வருகைப்பதிவும் மோதும்போதுதான் அவர் தளர்கிறார்.

ஏற்காட்டின் அரசுப் பள்ளி ஒன்றில் வார இறுதிகளில் இயங்கும் கற்றல் மையமும், மலையிலேயே ஒரு தேர்வு மையமும் அமைத்தால், புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம். அறைகள் அந்த நாள்களில் பூட்டியே கிடக்கின்றன. கிராமங்களுக்குத் திரும்பும் கடைசிப் பேருந்துக்கு முன் வகுப்பு முடிந்தால் போதும்.