அபுவின் கதை: அன்றும் இன்றும்

1993-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் லண்டன் நகரத்துப் பிலிம் லாபரட்டரி ஒன்றில் தீப்பிடித்தபோது, அங்கே அனுப்பி வைக்கப்பட்டிருந்த இந்தியப் படங்கள் சிலவற்றின் மூல நெகடிவ்களும் அந்தத் தீயில் அகப்பட்டுக்கொண்டன. வங்காளத்து டைரக்டர் சத்யஜித் ராய் எடுத்த ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ என்னும் மூன்று படங்களும் அவற்றுள் அடக்கம். கரிந்தும் சுருங்கியும் ஒன்றோடொன்று ஒட்டியும் போன அந்தச் சுருள்களைக் குப்பையில் எறிய மனம் வராமல் அமெரிக்காவில் சிலர் பத்திரப்படுத்தி வைக்க, ஏறக்குறைய இருபது வருஷங்களுக்குப் பின் இத்தாலியின் பொலோன்யா நகரத்து நிபுணர்கள் அவற்றுக்கு ஈரம் ஊட்டி இளக்கி, கையாலேயே பிரித்தெடுத்து, கிழிந்த ஓரத் துளைகளைச் செப்பனிட்டார்கள். முதற் படத்தில் சுமார் 40 சதவீதமும் இரண்டாவதில் 60 சதவீதத்துக்கு மேலும் இவ்விதம் தேறின. மூன்றாவது படத்தின் சுருள்கள் உதவாமற் போகவே, வேறிடங்களில் இருந்த பிரதிகளைக் கொண்டு அதைச் சீர்செய்தார்கள். 2015-ல் மூன்று படங்களும் புதுப்பொலிவோடு மறுபடி திரைக்கு வந்தன.

சுருள் பிழைத்துவிட்டது, ஆனால் அதற்குள் இருக்கும் கதையும் பிழைத்திருக்கிறதா? பெரியவர்கள் கொண்டாடுகிறார்கள் என்பதற்காகவே ஒரு படத்தை வணங்கிவிட்டுப் போவது அந்தப் படத்துக்கு மரியாதை ஆகாது. பார்த்த கண்ணுக்கு உண்மையாக அதைப் பரீட்சித்துச் சொல்வதே நியாயம்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் நாவல்களைத் தழுவிய இப்படங்கள், அபு என்னும் ஏழைப் பிராமணச் சிறுவன் கிராமத்தில் வளர்ந்து, காசியில் தகப்பனாரை இழந்து, கல்கத்தாவில் படித்து, மணந்து, மனைவியையும் பறிகொடுத்து, இறுதியில் தன் மகனைத் தோளில் சுமந்து நடப்பது வரையிலான வாழ்க்கையைச் சொல்கின்றன. கல்கத்தாவில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் ஓவியராக இருந்த ராய், அவற்றுள் முதலாவதான ‘பதேர் பாஞ்சாலி’யின் சுருக்கப் பதிப்புக்குச் சித்திரம் வரைந்த காலத்திலேயே அதன்மீது மனத்தைப் பறிகொடுத்து, 1950-ல் லண்டனில் ‘சைக்கிள் திருடர்கள்’ என்னும் இத்தாலியப் படத்தைக் கண்டபின் உறுதி பூண்டு, 1952-ல் படப்பிடிப்பைத் தொடங்கினார். அவருக்குக் காமிரா பிடித்த சுப்ரத மித்ராவோ, அதற்குமுன் சினிமாக் காமிராவையே இயக்கியறியாத இருபத்தோரு வயது இளைஞர். மனைவியின் நகைகளை அடகு வைத்தும் பணம் போதாமல் நின்றுபோன வேலை, மேற்கு வங்க அரசாங்கம் முன்வந்து உதவிய பிறகே முடிவடைந்து, 1955-ல் ‘பதேர் பாஞ்சாலி’ வெளிவந்தது.

இந்த வறுமையே பிற்காலத்தில் பெரிய பாக்கியமாயிற்று என்பது என் அபிப்பிராயம். ஒரு படத்தில் முதலில் பழசாவது அதன் காலத்து ஜோடனைதான். ஜோடனைக்குப் பணமில்லாத இவர்கள் மெய்யான கிராமத்தையும், மெய்யான மழையையும், குழந்தைகளின் முகங்களையுமே நம்பியிருந்தார்கள். முதற்படத்தில் கூன் விழுந்த கிழவியாக வரும் சூனிபாலா தேவி எண்பது வயது மூதாட்டி. அவருடைய பொக்கை வாய்ச் சிரிப்பு எந்த வருஷத்து நாகரிகத்தையும் சேர்ந்ததன்று. வெளியூரிலிருந்து திரும்பிய அபுவின் தகப்பன், மகள் துர்க்கா இறந்தது தெரியாமல், அவளுக்கென்று வாங்கி வந்த புடவையை எடுத்து நீட்டுகையில் தாய் வாய்விட்டுக் கதற, அவள் குரலுக்குப் பதிலாகத் தார் ஷெனாய் என்னும் தந்தி வாத்தியத்தின் ஓலத்தையே கேட்கும்படி செய்திருக்கிறார்கள். ரவிசங்கரின் அந்த இசையைக் கேட்டு நெஞ்சு கலங்காதவர் இன்றும் அரிது.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பதற்கில்லை. விரைந்து ஓடும் காட்சிகளுக்குப் பழகிய இளைஞர்களுக்கு, குளத்து நீர்மேல் பூச்சிகள் ஓடுவதைக் காமிரா நின்று பார்க்கும் பொழுதுகள் பொறுமையைச் சோதிக்கக்கூடும். மூன்றாவது படத்தில், மாப்பிள்ளை சித்தம் கலங்கியவன் என்று கண்டு, குறித்த முகூர்த்தம் தவறாதிருக்க, நண்பனோடு கல்யாணம் பார்க்க வந்த அபுவையே மணமகனாக்கிவிடுகிறார்கள். மணப்பெண் அபர்ணாவின் விருப்பத்தை ஒருவரும் கேட்பதில்லை. அவள் பிரசவத்தில் இறந்ததற்காகக் குழந்தையின் முகத்தையே பாராமல் அபு ஐந்து வருஷம் அலைவதை, இன்றைய மனம் சோகம் என்று மட்டும் ஏற்றுக்கொள்ளாது. பொறுப்பின்மை என்றும் சொல்லும். அந்தத் தீர்ப்பு தவறு என்று நான் வாதாடமாட்டேன்.

ஆனால் இரண்டாவது படமான ‘அபராஜிதோ’வின் விஷயம் வேறு. 1957-ல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கப் பரிசைப் பெற்ற இந்தப் படம், கல்கத்தாவில் எடுபடவில்லை. தாயின் பாசத்தைச் சுமையாக உணரும் மகனை அந்நாளைய ரசிகர்களால் சகிக்க முடியவில்லை. உபகாரச் சம்பளம் பெற்றுக் கல்கத்தாவுக்குப் படிக்கப் போன அபு விடுமுறைக்கு வந்திருக்கும் இரவில், நீ சம்பாதித்து எனக்கு வைத்தியம் பார்ப்பாயா என்று தாய் சர்வஜயா ஆசையோடு பேசிக்கொண்டே போகிறாள்; திரும்பிப் பார்த்தால் மகன் தூங்கிவிட்டிருக்கிறான். அவனைக் கொடியவன் என்று படம் சொல்லவில்லை. கல்கத்தாவுக்குத் திரும்பும் நாளில் ஸ்டேஷனுக்குப் போய், வந்து நின்ற ரயிலில் ஏறாமல், இன்னும் ஒரு நாள் அம்மாவுடன் இருக்கத் திரும்பி வருபவனும் அவனே. பெற்றவளும் குற்றவாளி அல்லள், பிள்ளையும் குற்றவாளி அல்லன். ஆயினும் படிப்பு அவர்களுக்கு நடுவே ஒரு தூரத்தை இட்டுவிட்டது. படிக்க அனுப்பிய பெற்றோர் ஓர் ஊரிலும், படித்து உயர்ந்த பிள்ளைகள் வேறு தேசத்திலுமாகக் குடும்பங்கள் பிரிந்து வாழும் இக்காலத்தில், இதைவிட நமக்குச் சமீபமான கதை எது? தன் காலத்து ரசிகர்களைத் திருப்திப்படுத்தும் பொருட்டு உண்மையைத் திருத்திச் சொல்லாமையே, அதற்கு இத்தனை ஆயுளைக் கொடுத்திருக்கிறது.

ஆதலால் மூன்றையும் பார்க்க அவகாசம் இல்லாதவர்கள் ‘அபராஜிதோ’வையாவது தேடிப் பாருங்கள் என்பேன். நோயை மகனுக்குத் தெரிவிக்காமல் மறைத்து, தூரத்தில் போகும் ரயிலைப் பார்த்தபடி மரத்தடியில் உட்கார்ந்து நாட்களைக் கழித்த சர்வஜயாவுக்கு, ஓர் இரவில் “அம்மா” என்று அபு கூப்பிட்டதுபோல் கேட்கிறது. தள்ளாடியபடி எழுந்து வாசலுக்கு வருகிறாள். அங்கே யாரும் இல்லை. குளத்தங்கரை இருட்டில் மின்மினிகள் மட்டும் பறந்துகொண்டிருக்கின்றன.