கார் அலாரம் சென்சாரில் ரிலேவை நேரடியாக இணைக்கலாமா?

கார் கண்ணாடியை யாராவது தட்டினால் அலாரம் சென்சார் சிக்னல் கொடுக்கும். அந்த வயரையே ரிலேவில் செருகி ஹாரனை அலறவிட்டால் என்ன? சென்சார் காலி! 12 வோல்ட் கார் ரிலேவின் காயில் சுமார் 150 மில்லிஆம்பியர் இழுக்கும். பல சென்சார்கள் தருவதோ 10, 20தான்.

அதனால் நடுவே ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர் வேண்டும். 12 வோல்ட் சிக்னல் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸுக்குப் போகும். எமிட்டர் எர்த்தில், கலெக்டர் காயிலில், காயிலின் மறுமுனை பேட்டரி பிளஸ்ஸில். மலிவு என்று பிசி547 வாங்காதீங்க. அதன் வரம்பே 100 மில்லிஆம்பியர். 2என்2222 தாங்கும்.

பலரும் மறப்பது டையோடு. ரிலே அணையும் நொடியில் காயில் நூறு வோல்ட்டுக்கு மேல்கூட உதைக்கும், டிரான்சிஸ்டர் செத்துப்போகும். 1என்4007-ஐ காயிலுக்குக் குறுக்கே, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் வரும்படி வையுங்க. திருப்பி வைத்தால், அலாரம் அடிக்க வேண்டிய நேரத்தில் ஷார்ட்தான்.