தமிழிலும் கட்டளையிடலாம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் இன்று பல எந்திரங்கள் 'புரோகிராம்' சொல்படிதான் இயங்குகின்றன. புரோகிராம் என்பது கம்ப்யூட்டருக்கு நாம் வரிசையாக எழுதித் தரும் கட்டளைகள். தமிழில் இதை 'நிரல்' என்கிறோம். நிரல் எழுதத் தொடங்கும் எல்லோருக்கும் சில சந்தேகங்கள் வரும். பார்ப்போமா?

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தால்தான் நிரல் எழுத முடியுமா?

இல்லவே இல்லை! முத்தையா அண்ணாமலை என்ற பொறியாளர் 2007-ல் ஒரு முயற்சியைத் தொடங்கி, 2013-ல் 'எழில்' என்ற கணினி மொழியை இலவசமாக வெளியிட்டார். அதில் கட்டளைகள் எல்லாம் தமிழ்ச் சொற்களே! உலகப் புகழ் பெற்ற 'பைத்தான்' மொழியைக் கொண்டு எழில் உருவாக்கப்பட்டது. 1991-ல் வெளிவந்த அந்தப் பைத்தானிலும் மொழிக்கென்றே ஒதுக்கிய ஆங்கிலச் சொற்கள் 35 தான். ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். யோசிப்பது உங்கள் தாய்மொழியில்தானே!

எழில் நிரல் எப்படி இருக்கும்?

உண்டியலில் தினம் 5 ரூபாய் போட்டு, 50 ரூபாய் சேர்க்க வேண்டும். இதோ நிரல்:

உண்டியல் = 0
@( உண்டியல் < 50 ) வரை
    உண்டியல் = உண்டியல் + 5
    பதிப்பி உண்டியல்
முடி

'பதிப்பி' என்றால் திரையில் காட்டு என்று பொருள். உண்டியலில் 50-க்கும் குறைவாக இருக்கும் வரை, நடுவில் உள்ள இரண்டு வரிகளும் திரும்பத் திரும்ப நடக்கும். 5, 10, 15 என்று 50 வரை பத்து வரிகள் வரும்.

உண்டியல் = உண்டியல் + 5 என்பது தப்பான கணக்கு அல்லவா?

கணக்கு நோட்டில் தப்புதான். இங்கே '=' என்றால் 'சமம்' அல்ல; 'வலப்பக்கம் வரும் விடையை இடப்பக்கப் பெட்டியில் போடு' என்று பொருள். இந்த வரியை மறந்துவிட்டால் உண்டியல் நிறையாது, நிரலும் நிற்காது!

பைத்தானில் பட்டியலின் முதல் பொருளுக்கு ஏன் எண் 0?

சென்னை செல்லும் மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டியில் ஏறுகிறீர்கள். அங்கே நிற்கும்போது எத்தனை நிலையம் நகர்ந்திருக்கிறீர்கள்? பூஜ்யம்! கவரைப்பேட்டைக்கு 1, பொன்னேரிக்கு 2. தொடக்கத்திலிருந்து எவ்வளவு நகர வேண்டும் என்பதையே அந்த எண் சொல்கிறது.

'பிழை' என்று திரையில் வந்தால்?

பயப்படாதீர்கள்! அது திட்டு அல்ல, தகவல். பெரும்பாலும் எந்த வரியில் சிக்கல் என்றும் அதிலேயே இருக்கும். அனுபவசாலிகளுக்கும் தினமும் பிழை வரும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே?

நோட்டுப் போதும். நிரலை எழுதி, நீங்களே கம்ப்யூட்டராக மாறி ஒவ்வொரு வரியாகச் செய்து பாருங்கள். உண்டியலில் எவ்வளவு என்று பக்கத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். நிரல் கற்பதில் பாதி வேலை இதுதான்!

இப்போது ஒரு புதிர்: மேலே உள்ள நிரலில் < என்பதை <= என்று மாற்றினால் எத்தனை வரிகள் வரும்? விடையைப் பார்க்காமல் நோட்டில் போட்டுப் பாருங்கள்.

(விடை: 11 வரிகள். 50 வந்த பிறகும் நிபந்தனை சரியாகவே இருப்பதால் 55-ம் வந்துவிடும்.)