நாங்கள் யாருடைய பக்கம்?

கிரிக்கெட் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் உங்களில் சிலர் முகம் சுழிக்கலாம். எங்களுக்கு இருக்கிற பிரச்சினைகளுக்குள் இது ஒரு கேடா என்று கேட்கலாம். இதே கேள்வியை அன்றைக்கு எங்கள் மத்தியிலேயே ஒருவன் கேட்டான். அதனால்தான் எழுத நினைத்தோம்.

2011ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி, சனிக்கிழமை. மும்பை வான்கடே மைதானத்தில் உலகக்கிண்ண இறுதியாட்டம். இந்தியாவும் இலங்கையும். அங்கே பிற்பகல் இரண்டரை மணி என்றால் எங்களுக்குக் காலை பதினொன்று. நாங்கள் அப்போது ஜேர்மனிக்கு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. மூன்று பேருக்கு ஒரு அறை. ஒருவனுக்கு மட்டும் பிளாஸ்டிக் சாமான் செய்யும் பக்டரியில் வேலை கிடைத்திருந்தது. மற்றவர்களுக்கு விசாவும் இல்லை, வேலையும் இல்லை, டுல்டுங் கடதாசி மட்டும்தான். டோர்ட்முண்டில் இருந்த ஒரு அண்ணை "எல்லாரும் வாங்கோ, என்ரை வீட்டிலை பாப்பம்" என்று கூப்பிட்டிருந்தார். ரயிலேறிப் போனோம்.

ரயில் முழுக்க மஞ்சளும் கறுப்பும். அன்றைக்கு டோர்ட்முண்ட் உதைபந்தாட்டக் குழுவுக்குச் சொந்த மைதானத்தில் ஹனோவருடன் ஆட்டம். அந்த வருடம் ஜேர்மன் சாம்பியனானவர்கள் அவர்கள்தான். சால்வையைச் சுற்றிக்கொண்டு பாடிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு யார் பக்கம் என்ற குழப்பமே இல்லை. பிறந்த ஊர், அந்த ஊரின் குழு, முடிந்தது கதை. நாங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

அண்ணை எண்பதுகளில் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, ரயிலில் மேற்கு பெர்லினுக்கு வந்த காலத்து ஆள். அவர் வீட்டில் அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். இணையத்தில் வந்த படத்தைக் கொம்பியூட்டரிலிருந்து ரீவிக்குக் கொடுத்திருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் படம் அப்படியே உறைந்துவிடும். பந்தை ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்கும். லண்டனில் இருந்த அண்ணையின் மச்சானுக்கோ ஒழுங்கான ரீவி. எங்கள் திரையில் பந்து போட முந்தியே லண்டனிலிருந்து ரெலிபோன் அடிக்கும். அடித்தால் விக்கெட் அல்லது நான்கு ஓட்டம். எது என்று தெரியாமல் நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்போம்!

நாணயச் சுழற்சியே இரண்டு தரம் நடந்தது. சங்கக்கார முதலில் என்ன கேட்டார் என்று நடுவர்குழுத் தலைவருக்கு விளங்கவில்லையாம். இரண்டாம் தரம் சங்கக்கார வென்று துடுப்பெடுத்தாடத் தீர்மானித்தார். "உங்கினைக்கையே பிரச்சினை தொடங்கீற்றுது" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தோம்.

சிரிப்பு அதோடு நின்றது. யாருக்குக் கைதட்டுவது? இந்தியா வெல்லவேணும் என்று நான்கைந்து பேர். இலங்கை எங்களை அழித்த நாடு, அந்தக் கொடிக்குக் கைதட்டுவதா என்பது அவர்கள் கேள்வி. முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. "அப்ப இந்தியா என்ன, எங்களைக் காப்பாத்தினதோ? 87இலை வந்தவங்கள் 90 மட்டும் என்ன செய்தவங்கள் எண்டு உனக்குத் தெரியுமோ?" என்று வயதான ஒருவர் எழும்பிவிட்டார். மூலையிலிருந்த ஒருவர், "இரண்டு பேரும் தோக்க ஏதும் வழி இருக்கோ?" என்று கேட்டார். அதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் பிடித்த கருத்து.

எங்களோடு வந்த புதுக்குடியிருப்புப் பெடியன் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய தமையன் 2009 மே மாதம் இல்லாமல் போனவன். "நீங்கள் பாருங்கோ, நான் கறி வைக்கிறன்" என்று சமையலறைக்குள் போய்விட்டான். துருக்கிக் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சி ஐந்து கிலோ இருந்தது. திரையில் மகிந்த ராஜபக்சவைக் காட்டினார்கள். அவர் ஆட்டம் பார்க்க மும்பைக்கு வந்திருந்தார். சமையலறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஆட்டமோ எங்களுக்காக நிற்கவில்லை. சகீர் கான் முதல் ஐந்து ஓவர்களில் ஆறே ஆறு ஓட்டங்கள் கொடுத்து தரங்கவை வெளியேற்றினார். சங்கக்கார 48. பிறகு மஹேல ஜயவர்தன வந்தார். ஓங்கி அடிக்கிற ஆள் இல்லை. பந்தைத் தடவிவிடுவதுபோல் விடுவார், அது எல்லைக்கோட்டுக்கு ஓடும். 88 பந்தில் ஆட்டமிழக்காமல் 103. இந்தியா பக்கம் இருந்தவர்களும் "வடிவாய் ஆடுறான் பார்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகப் பிறகு வெட்கப்பட்டார்கள். கடைசி ஐந்து ஓவர்களில் மட்டும் 63 ஓட்டங்கள். திசர பெரேரா ஒன்பது பந்தில் 22. மொத்தம் ஆறு விக்கெட்டுக்கு 274.

இடைவேளையில் அண்ணை 1996ஐச் சொன்னார். அந்த வருடம் மார்ச் 17, லாகூர், அவுஸ்திரேலியாவுடன் இறுதியாட்டம். அப்போது இணையமாவது ஒன்றாவது. பி.பி.சி. உலகசேவையின் செய்தியில் ஓட்ட எண்ணிக்கை வரும். இடையில் ரெலிபோன் கார்ட்டைக் கொண்டுபோய் வீதியோரப் பெட்டியிலிருந்து லண்டனுக்கு எடுப்பார்களாம். வெளியே ஐந்து பேர் குளிருக்குள் காத்திருப்பார்கள். ஒருவர் பெட்டிக்குள்ளிருந்து விரலைக் காட்டுவார். 23 ஓட்டத்துக்குள் ஜயசூரியவும் களுவிதாரணவும் போய்விட்டார்கள் என்று இரண்டு விரல் காட்டியதும் எல்லோரும் வீட்டுக்குப் போகத் திரும்பிவிட்டார்கள். பிறகு அரவிந்த டி சில்வா 107 அடித்து வென்று கொடுத்தார். பெட்டிக்குள்ளேயே துள்ளினேன் என்றார் அண்ணை.

கொஞ்சம் பொறுத்து, எங்களைப் பார்க்காமல் சொன்னார். "அந்த நேரம் என்ரை அம்மா சாவகச்சேரியிலை ஒரு பள்ளிக்கூட விறாந்தையிலை. 95 ஒக்டோபர் 30 யாழ்ப்பாணமே வெளிக்கிட்டது. நாலரை மாதம் அம்மாட்டையிருந்து ஒரு கடிதம் இல்லை. நான் இஞ்சை அரவிந்தவுக்குக் கைதட்டினன். அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை."

இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல இருக்கிறது? பிறந்து வளர்ந்த இடத்தில் தென்னை மட்டையைச் செதுக்கி, ரெனிஸ் பந்தில் ஆடிய விளையாட்டு இது. மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸுக்கும் 1904இல் தொடங்கிய வடக்கின் பெரும்போரை, மதிலில் ஏறியிருந்து பார்த்தவர்கள் எங்களுக்குள் மூன்று பேர். விளையாட்டை எங்களுக்கு அரசாங்கம் தரவில்லை. ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுகிறவர்களைப் பார்க்கும்போது வேறு சட்டைகளும் ஞாபகத்துக்கு வருகின்றன.

இந்தியாவின் ஆட்டம் தொடங்கும்போது லண்டனிலிருந்து ரெலிபோன். "ஷெவாக் போட்டுது!" எங்கள் திரையில் ஷெவாக் அப்போதுதான் நிலை எடுத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டாவது பந்தில் மாலிங்க. கொஞ்ச நேரத்தில் டெண்டுல்கரும் 18 ஓட்டத்தோடு மாலிங்கவுக்கே. 31க்கு இரண்டு. இந்தியா பக்கம் இருந்தவர்கள் தலையில் கைவைத்தார்கள். இலங்கை பக்கம் என்று யாரும் வெளிப்படையாக இல்லாத அந்த அறையில், சிலரால் முகத்தை மறைக்க முடியவில்லை.

பிறகு முரளிதரன் பந்தெடுத்தார். கண்டியில் பிறந்த தமிழன். அதற்கு முந்திய வருடம் ஜூலையில்தான் காலியில் 800 டெஸ்ட் விக்கெட்டோடு டெஸ்ட் ஆட்டத்தை விட்டவர். நான்கு நாள் முன்பு கொழும்பு அரையிறுதியில், சொந்த மண்ணில் போட்ட கடைசிப் பந்திலும் ஒரு விக்கெட் எடுத்திருந்தார். இது அவருக்குக் கடைசிச் சர்வதேச ஆட்டம். காயங்களோடுதான் இறங்கியிருந்தார். அவரைப் பற்றியும் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. "எங்கடை ஆள்" என்பார் ஒருவர். "எங்களுக்காக ஒரு வார்த்தை பேசினவரோ?" என்பார் மற்றவர். அவர் பந்துவீச வந்தபோது மட்டும் சத்தம் அடங்கியது. சமையலறைக் கதவும் கொஞ்சம் திறந்திருந்ததைக் கவனித்தோம்.

காம்பீர் அசையவில்லை. கோலி 35 எடுத்துப் போனதும், யுவராஜ் வருவார் என்று பார்த்தால் டோனி வருகிறார்! முரளியோடு சென்னை அணியில் ஒன்றாக இருந்தவர், பயிற்சியில் அவர் பந்துக்கு எத்தனையோ தரம் முகங்கொடுத்தவர். கணக்குப் பார்த்துத்தான் வந்திருக்கிறார். இருவரும் சேர்ந்து 109 ஓட்டங்கள். காம்பீர் 97இல் பெரேராவின் பந்தில் போனபோது அந்த மூன்று ஓட்டத்துக்காக அறை முழுக்க "சா..." என்றது. அந்த ஒரு நிமிடம் எங்களுக்குள் பிரிவு இருக்கவில்லை.

ஏழு மணி தாண்டியிருக்கும். இன்னும் நான்கு ஓட்டங்கள், பதினொரு பந்துகள். குலசேகர ஓடி வருகிறார். படம் உறைந்துவிட்டது! ரெலிபோன் அடித்தது. அண்ணை எடுத்தார், கேட்டார், "ம்" என்றார், வைத்தார். எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பப் படம் வந்தபோது பந்து வானத்தில் நின்றது. ஆறு ஓட்டம். டோனி 91. பத்துப் பந்து மிச்சமிருக்க ஆறு விக்கெட்டால் இந்தியாவுக்குக் கிண்ணம். உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் சதமடித்தும் தோற்ற முதல் ஆள் ஜயவர்தன.

வெளியே மஞ்சள் சால்வைக்காரர் தங்கள் வெற்றிக்குப் பாடிக்கொண்டு போனார்கள். உள்ளே சிலர் கைதட்டினார்கள், சிலர் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். புதுக்குடியிருப்பான் கறிச்சட்டியோடு வந்து மேசையில் வைத்தான்.

"முரளி எத்தினை எடுத்தவர்?" என்று கேட்டான்.

"எட்டு ஓவர், 39 ஓட்டம். விக்கெட் ஒண்டும் இல்லை."

"காயம் எண்டவங்கள்" என்றான். பிறகு, "சோறு ஆறுது, வாங்கோ" என்றான். கறியில் உப்புக் கூட. ஒருவரும் சொல்லவில்லை.