பனியாக வேண்டிய நீர் மழையாகும்போது

காற்று வெப்பமடையும்போது அதில் தங்கக்கூடிய நீராவியின் அளவு, ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுவதால், கனமழை மேலும் கனமாகும் வாய்ப்பு பெருகுகிறது. ஆயினும் மலைசார்ந்த நாடுகளில், எவ்வளவு நீர் விழுகிறது என்பதைப் போலவே, அது எந்த வடிவில் விழுகிறது என்பதும் மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சியரா நெவாடா மலைத்தொடர் இதற்குத் தெளிவான சான்றாகும்.

குளிர்காலத்தில் அம்மலைகளின்மேல் திரளும் மேகங்களில் நீர் பெரும்பாலும் பனித்துகள்களாகவே உருவாகி, இறங்கும் வழியில் உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பமுடைய காற்றடுக்கைக் கடக்க நேர்ந்தால் உருகி மழைத்துளிகளாகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைவதால், காற்று ஒரு பாகை வெப்பமடைந்தாலே, மழை பனியாக மாறும் உயர எல்லையாகிய பனிக்கோடு ஏறத்தாழ 150 மீட்டர் மேலேறிவிடும்; அந்த இடைவெளியிலுள்ள சரிவுகளில் முன்பு பனியாகத் தங்கிய நீர் இப்போது மழையாகி உடனே வழிந்தோடுகிறது.

கோடையில் மழை மிக அரிதான கலிபோர்னியாவுக்கு, மலைமீது குவிந்து ஏப்ரல் முதல் சூலை வரை மெல்ல உருகும் பனித்தேக்கமே மாநிலத்தின் நீர்த்தேவையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தருகிறது. ஆகவே அளவையாளர்கள் உள்ளீடற்ற குழாயைப் பனியில் செலுத்தி, அதில் நிறையும் பனியை எடைபோட்டு, அது உருகினால் கிடைக்கும் நீரின் ஆழத்தைக் கணிக்கின்றனர். இதற்குப் பனியின் நீர்ச்சமானம் என்று பெயர். மழைக்குறைவோடு, அதுவரை பதிவானவற்றுள் மிக வெப்பமான குளிர்காலமும் சேர்ந்துகொண்ட 2015ஆம் ஆண்டில், ஏப்ரல் 1 அன்று இந்த நீர்ச்சமானம் அந்நாளுக்குரிய சராசரியில் 5 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது.

எதிர்நிலை ஆபத்தும் உண்டு. 2017 பிப்ரவரியில் வெம்மையான புயல்கள் கொணர்ந்த பெருமழை பனியின்மீது பெய்து, உருகிய நீரும் சேர்ந்து அம்மாநிலத்தின் ஓரோவில் அணைக்குள் பாய்ந்தபோது, அணையின் உபரிநீர்ப் போக்கி சேதமடைந்து, 1,80,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர்.

குளிர்காலத்தில் வெள்ளத்தைத் தாங்க அணையில் வெற்றிடம் விடவேண்டும், கோடைக்கு அதே அணையை நிரப்பவும் வேண்டும் என்னும் இருவேறு கடமைகளை இணங்கவைத்தது, பனி தாமதமாக உருகும் இயல்பே. அவ்வியல்பு குன்றும்போது ஆண்டு மழையின் மொத்த அளவு மாறாவிடினும் கோடையில் நீர்ப்பற்றாக்குறை நேரலாம்; ஆதலால் வானிலை முன்கணிப்பைக் கொண்டு அணைகளைத் திறந்து மூடும் விதிகளைத் திருத்துவதும், குளிர்கால வெள்ளத்தை நிலத்தடியில் சேமிப்பதும் இனித் தள்ளிப்போட இயலாத பணிகளாகும்.