புருவத்தில் ஏறிய பச்சை

பெண்ணின் புருவத்தை வில்லுக்கு ஒப்பிடுவது நம் புலவர்களின் பழைய வழக்கம். அந்த வில்லின் நிறம் செங்கல்லாகவோ சாம்பலாகவோ மாறினால் என்ன செய்வது என்று எந்தப் புலவரும் பாடிவைக்கவில்லை. அவர்கள் காலத்தில் அந்தத் தொல்லை இல்லை. நம் காலத்தில் வந்துவிட்டது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நர்ஸாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பாறசாலைக்கு அருகே எல்லையோரக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். கோவிலுக்கோ சந்தைக்கோ போனால் யாராவது என்னை ஓரமாக அழைத்து, நெற்றி முடியை விலக்கித் தம் புருவத்தைக் காட்டுகிறார்கள். “சேச்சி, இதுக்கு என்ன செய்யணும்?” என்பதுதான் கேள்வி. கல்யாணத்துக்காகவோ, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோதோ, பியூட்டி பார்லரில் ‘மைக்ரோபிளேடிங்’ செய்துகொண்டவர்கள் இவர்கள். இரண்டு வருடத்தில் தானாக மறைந்துவிடும் என்று சொல்லித்தான் செய்தார்களாம். ஐந்தாறு வருடம் ஆகியும் அது மறையவில்லை, நிறம்தான் மாறியிருக்கிறது. இவர்களுக்குத் தனித்தனியே சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பழைய பச்சையும் புதிய பச்சையும்

‘அரை நிரந்தர ஒப்பனை’ என்று எவ்வளவு நாகரிகமாகப் பெயர் வைத்தாலும் இது பச்சை குத்துதல்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் எல்லைக்கோடு விழுந்த பிறகும் இரு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கும் சொற்களில் ஒன்று ‘பச்சை குத்து’. தமிழிலும் மலையாளத்திலும் அதே சொல், அதே பொருள்.

குறத்தியர் பச்சை குத்திய முறையைச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள்பொடியையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாகச் சுருட்டுவார்கள். அதை ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச்சட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து ஊசியால் குத்துவார்கள்.

கவனியுங்கள், குத்தப்பட்டது கறுப்புக் கரி. ஆனால் நம் பாட்டிமார்களின் முன்கையில் நாம் பார்த்த கோலமும் தேளும் கறுப்பாக இருந்தனவா? பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறத்தில், ஓரம் கலங்கி, கோடுகள் தடித்துத்தான் இருந்தன. கரி தோலின் மேற்புறத்தில் இல்லை, உள்ளே இருக்கிறது. மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. மை தங்குவது அதற்குக் கீழுள்ள அடித்தோலில். அந்த ஆழத்தில் கிடக்கும் கறுப்புத் துகளைத் தோலின் வழியே பார்க்கும்போது, ஒளி சிதறுவதால் அது நீலமாகத் தெரிகிறது. பாட்டியின் கையில் நடந்ததுதான் இன்று பேத்தியின் புருவத்திலும் நடக்கிறது. ஒரு வித்தியாசம், கையை முந்தானையால் மறைக்கலாம். முகத்தை மறைக்க முடியாது.

நிறம் ஏன் மாறுகிறது?

பார்லர் மைகளில் பொதுவாக இரண்டு வகைக் கறுப்பும் பழுப்பும் உண்டு. ஒன்று கரி. அது நாளடைவில் நீலச் சாம்பலாகத் தெரியும். மற்றொன்று இரும்பு ஆக்சைடு. துருவின் குடும்பத்தைச் சேர்ந்த கறுப்பு, மஞ்சள், சிவப்புத் துகள்களைக் கலந்து பழுப்பு நிறம் உண்டாக்குகிறார்கள். இவை எல்லாம் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. மற்றவை மங்கிச் சிவப்பு மிஞ்சினால் புருவம் செங்கல் நிறமாகிறது. ‘மையைப் பார்த்தே பின்னால் வரும் நிறத்தை ஓரளவு ஊகிக்கலாம்’ என்று எங்கள் தோல் பிரிவு மருத்துவர் சொல்வார். ஆனால் என்ன மை என்று கேட்டு எழுதி வாங்கியவர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

மை ஏன் முழுதும் போவதில்லை? நம் தோலில் அந்நியப் பொருளை விழுங்கும் காவல் செல்கள் இருக்கின்றன. அவை மைத்துகளை விழுங்கிவைத்துக் கொள்கின்றன, செரிக்க முடிவதில்லை. அந்தச் செல் இறக்கும்போது துகள் வெளியே வருகிறது. பக்கத்தில் வரும் புதிய செல் அதை மறுபடி விழுங்குகிறது. பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் கண்டு 2018இல் வெளியிட்டார்கள். காவலர் மாறுகிறார், கைதி மாறுவதில்லை. வெயிலும், முகத்துக்குப் பூசும் ரெட்டினாய்டு, அமிலக் களிம்புகளும் நிறத்தை வெளிறச் செய்யலாம். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் முடிபோல் வரைந்த மெல்லிய கோடுகள் சீக்கிரம் கலங்கி ஒரே பட்டையாகிவிடும்.

இது வெறும் அலங்காரமா?

வயதான ஆண்கள் சிலர், “இருக்கிற புருவம் போதாதா இவளுகளுக்கு?” என்று சிரிக்கிறார்கள். புருவம் இல்லாமல் போனவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

முற்றிய தொழுநோயில் புருவ முடி உதிர்ந்துவிடும். மருந்தால் நோய் போன பிறகும் முகம் காட்டிக்கொடுக்கும், ஊரார் ஒதுக்குவார்கள். கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளையும் கால்களையும் சீரமைத்ததோடு நிற்கவில்லை. தலையில் முடியுள்ள தோலை எடுத்துப் புருவமாகப் பொருத்தவும் செய்தார். அந்த முடிக்குத் தான் புருவத்துக்கு வந்துவிட்டோம் என்பது தெரியாது. தலைமுடிபோலவே நீண்டு வளர்ந்துகொண்டிருக்கும்; அவ்வப்போது கத்தரித்துவிட வேண்டும். ஆனாலும் அதைப் பெற்றவர்கள் தலைநிமிர்ந்து ஊருக்குத் திரும்பினார்கள்.

இன்று புற்றுநோய் மருந்தால் புருவம் இழந்தவர்களும், திட்டுத்திட்டாக முடி உதிரும் நோயுள்ளவர்களும் இந்தப் பச்சையை நாடுகிறார்கள். அவர்களை யார் குறை சொல்ல முடியும்? நான் கேட்பது ஒன்றுதான். புருவம் தானாக உதிர்ந்திருந்தால், அதன்மேல் வரையும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். தைராய்டு குறைந்தாலும் புருவத்தின் வெளி ஓரம் மெலியும். மையைப் போட்டு மூடினால் நோயும் சேர்ந்து மூடப்பட்டுவிடும்.

என் தங்கை மகளுக்கு நேர்ந்தது

2018இல் கல்யாணத்துக்கு முன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பார்லரில் புருவம் வரைந்துகொண்டாள். மூன்று வருடத்தில் அது சிவந்தது. திரும்பப் போனால் கடையே இல்லை. இந்தப் பக்கம் வேறொரு கடையில், “அதன்மேல் தோல் நிற மை போட்டு மறைத்துவிடலாம்” என்றார்கள், போட்டார்கள். சிவப்பின்மேல் வெளிறிய திட்டு விழுந்தது. அடுத்து, மருத்துவர் இல்லாத ஓர் இடத்தில் லேசர். ஒரே நாளில் வெளிறிய இடமெல்லாம் கருஞ்சாம்பலாயிற்று.

“வல்லியம்மா, இனி நான் வெளியில இறங்கமாட்டேன்” என்று அழுதாள். கைக்குழந்தைக்காரி. நான்கு மாதம் ஒரு வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை.

தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் விளக்கியது இது. தோல் நிற மையில் வெண்மைக்காக டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ப்பார்கள். லேசர் பட்டதும் அது வேதியியல் மாற்றமடைந்து கறுத்துவிடும். சிவப்பு இரும்பு ஆக்சைடும் அப்படியே. அதனால்தான் தேர்ந்த மருத்துவர்கள் முதலில் ஒரு சிறு புள்ளியில் மட்டும் லேசர் அடித்து, சில வாரம் பொறுத்துப் பார்க்கிறார்கள். இவளுக்கும் அப்படிச் செய்து, இரண்டு மாத இடைவெளியில் ஐந்து முறை லேசர் கொடுத்தார். கறுத்தது படிப்படியாகக் குறைந்தது. இப்போது லேசான நிழல் மட்டும் இருக்கிறது. மைப்பென்சில் அதை மூடிவிடுகிறது. செலவு, முதலில் புருவம் வரைந்ததைப் போலப் பல மடங்கு.

என்ன செய்யலாம்?

முதலாவது, அவசரப்படாதீர்கள். மங்கிய புருவத்தால் உடலுக்குத் தீங்கில்லை என்றால் அதை விட்டுவைப்பதும் ஒரு வைத்தியம்தான். அதிகச் சிவப்பையும் நீலத்தையும் சாதாரண ஐப்ரோ பென்சிலோ பவுடரோ அன்றாடம் மறைத்துவிடும். வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் பூசினால் நிறமாற்றம் மெதுவாகும்.

இரண்டாவது, மேலும் மை ஏற்றாதீர்கள். ஆண்டுதோறும் ‘டச் அப்’ செய்வதால் தோலில் மை கூடிக்கொண்டே போகிறது, தழும்பும் சேரலாம். தோல் நிற மையால் மறைப்பது எல்லாவற்றிலும் கெட்ட வழி. பின்னால் அகற்றப் போகிறவருக்கு அது பெரிய முட்டுக்கட்டை.

மூன்றாவது, அகற்றத்தான் வேண்டும் என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனை, காரக்கோணம் மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி, குமரிப் பக்கம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி என்று நமக்கு எட்டும் தூரத்திலேயே ஆலோசனை கேட்க இடங்கள் உண்டு. லேசர் வசதி எங்கே என்று அங்கே வழி சொல்வார்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசரின் வேகம் கூடினால் வெந்து, வெள்ளைத் தழும்பு விழும். கண்ணருகே அடிப்பதால் கண்ணுக்குக் காப்பு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரே தடவையில் போய்விடும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். சில வாரத்துக்குப் புருவ முடி வெளுத்தாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பழைய நிறம் திரும்பும்.

நான்காவது, கைவைத்தியம் கூடாது. உப்பைத் தேய்ப்பது, எலுமிச்சைச் சாறு, சுண்ணாம்பு, கடையில் வாங்கும் அமிலம் எதுவும் மையை எடுக்காது, தோலைத்தான் எடுக்கும். ஊசியால் உப்புநீர் ஏற்றி மையை வெளிக்கொணரும் முறை ஒன்று உண்டு. அதுவும் தோலைக் காயப்படுத்தும் முறைதான். காயம் ஆறும்போது புடைத்து வளரும் தழும்பு உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஐந்தாவது, சில அடையாளங்களை அலட்சியம் செய்யாதீர்கள். பல ஆண்டு சும்மா இருந்த புருவத்தில் திடீரென்று அரிப்போ, தடிப்போ, சிறு கட்டிகளோ வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். உடலின் வேறு நோய்க்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். அந்த நிலையில் லேசர் அடிக்கக்கூடாது. முதலில் பரிசோதனை வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனால், புருவத்தில் மை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரும்பு கலந்த மை அபூர்வமாகச் சூடேறி எரியலாம். அதற்காக ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இனிமேல் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு

கல்யாணம் நிச்சயமான பெண்களைப் பெற்ற தாய்மார்களே, ஒரு நாள் விழாவுக்காக இதைச் செய்யத்தான் வேண்டுமா என்று மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். கட்டாயம் வேண்டும் என்றால், ஊசி புதிதா என்று கண்ணால் பாருங்கள். மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் ஊசி வழியே பரவும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தோலுக்குள் செலுத்த எந்த நிறமியையும் இதுவரை அங்கீகரித்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மையிலுள்ள பல வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. அங்கேயே இந்த நிலை என்றால் நாம் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டாமா?

மைக்குப்பியின் பெயர், அதில் சேர்ந்த பொருள்கள், செய்த தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, திருமண ஆல்பத்தோடு பத்திரப்படுத்துங்கள். ஆறு வருடம் கழித்து உங்கள் மகளின் புருவத்தைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு ஆல்பத்தைவிட அந்தத் தாள்தான் உதவும்.