வயதானவர்களின் கண் சிவப்பு: எல்லாமே 'மெட்ராஸ் ஐ' அல்ல

ஊரிலிருந்து வந்து தாராவியில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் பெரியவருக்கு ஒரு கண் சிவக்கிறது. "மெட்ராஸ் ஐதான், நாலு நாளில் போய்விடும்" என்று சொல்லி, ஆபீஸ் விட்டு வரும் வழியில் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி வருகிறார் மகன். நம்மவர் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான்.

மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். பீளையே இல்லாமல் கருவிழியைச் சுற்றிச் சிவந்து, வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவை இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கண்ணின் உள்ளே யுவியா என்ற நடுப்படலத்தில் அழற்சி ஏற்பட்டிருக்கலாம். இதை யுவைடிஸ் என்பார்கள். கண் அழுத்தம் திடீரென்று ஏறினாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கருவி வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

யுவைடிசுக்கு முதல் மருந்து ஸ்டீராய்டு சொட்டு. தொடக்கத்தில் மணிக்கு ஒரு தடவைகூட விடச் சொல்வார்கள், பிறகு வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். சிவப்பு போய்விட்டதே என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். கூடவே கண்மணியை விரிக்கும் சொட்டும் உண்டு. அதை விடும் நாட்களில் எழுத்து தெரியவில்லை என்று பெரியவர் பயப்படுவார். பயமில்லை, ஆனால் தனியாக ரோடு தாண்ட விடக் கூடாது.

இதே ஸ்டீராய்டைச் சீட்டில்லாமல் வாங்கி விட்டால்தான் ஆபத்து. கண் அழுத்தம் ஏறும், புரை வளரும், கிருமியால் வந்த புண் இருந்தால் பெருகும். மாத்திரையாகச் சாப்பிட்டால் சர்க்கரையும் ஏறும். நம் நாட்டில் இந்த நோய்க்குக் காசநோயும் ஒரு முக்கிய காரணம். "கண்ணுக்கு எதற்கய்யா நெஞ்சு எக்ஸ்ரே?" என்று டாக்டரிடம் சண்டை போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கியும் கண்ணைத் தாக்கும். நெற்றியில் ஒரு பக்கம் கொப்புளம் கிளம்பினால் ஊர்ப்பக்கம் காவி எழுதுவார்கள். மூக்கு நுனியிலும் கொப்புளம் தெரிந்தால் கண்ணுக்குள் இறங்க வாய்ப்பு அதிகம். அசைக்ளோவிர் போன்ற மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. காவி காயும்வரை காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

மும்பையில் ஜே.ஜே., சயான் மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்களுக்கு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றில் யுவியாவுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பழைய சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். புரை ஆபரேஷனுக்காக டிக்கெட் எடுத்திருந்தால், அழற்சி அடங்கி மூன்று மாதமாவது ஆகட்டும் என்றுதான் டாக்டர்கள் பொதுவாகச் சொல்வார்கள்.